அரை வயிற்றுப் பிள்ளை

நாலு மாதக் கர்ப்பிணியின் தட்டில் ஒன்றரைக் கரண்டிச் சோறு விழுந்தது. அதற்குமேல் கரண்டி பானைக்குள் போவேனா என்றது. கரண்டியைச் சொல்லி என்ன பயன், பிடித்திருந்த கை மாமியார்க்காரியுடையது. அந்தக் குடும்பத்துச் சட்டம் அப்படி: வயிற்றுப்பிள்ளைக்காரி வயிறு முட்டத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெருத்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி பசி, பாதி ஆத்திரம்.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், எலி அறையில். சினை எலிகளுக்குத் தீனி நிறுத்துப் போடுவது அவள் பொறுப்பு. இடது வரிசைக் கூண்டுகளுக்கு நல்ல தீனி. வலது வரிசைக்குச் சத்துக் குறைத்த தீனி, குட்டிகள் பால்குடி மறக்கும் வரைக்கும். குட்டிகள் வளர்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, உள்ளே மறைந்திருக்கும் மேடையை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பார்கள். வலது வரிசை சுற்றிச் சுற்றி வரும். மேடையைத் தொடப்போய்த் திரும்பிவிடும். மறுநாளும் அதே கதைதான்.

போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். மசக்கை என்றார்கள். மசக்கையாவது மண்ணாவது! வீட்டில் மூன்று வயது மகள் இருக்கிறாள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வரவில்லை.

"இன்னும் போடுங்க, அத்தை."

"போதும். வாயைக் கட்டினாத்தான் சுகமா பெறலாம்."

"மூத்தவ பொறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்ல. இன்னைக்கு வாய் வராம நிக்கிறா. எல்லாம் நீங்க என் வயித்தைக் காயப்போட்டதால."

"அடேயப்பா! எலிக்குத் தீனி போடுறவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. அது உங்கப்பன் வீட்டு வழி. அங்க எவன் சுறுசுறுப்பு? நானும் அரை வயித்தோடதான் பெத்தேன். என் பையனுக்கு என்ன குறைச்சல்?"

பையன் சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதான் தினமும் பாக்குறேனே," என்றாள் மருமகள்.

மாமியார் கரண்டியை ணங்கென்று பானைக்குள் போட்டாள்.

"சோத்தைக் குறைச்சவ நான். சரி, ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரியில குடுத்த சத்து மாத்திரையை அட்டை அட்டையா ஜன்னல் வழியா வீசினது யாருடி? நானா? பொறுக்கிக் குப்பையில போட்டவ நான். மூணு வருஷமா வாயைத் திறந்தேனா?"

டிவியின் சத்தம் நின்றது. புருஷன் திரும்பி இவளைப் பார்த்தான்.

இல்லை என்று சாதித்திருக்கலாம், சாட்சியா இருக்கிறது? ஆனால் வீசியவள் அவள்தான். கத்தி என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். பிள்ளை சின்னதாக இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொன்னதற்குமேல் ஒரு படி போய், மாத்திரையையும் எறிந்தாள். யாரும் அவள் கையை முறுக்கவில்லை.

"நான்தான்," என்றாள். பானையைத் தன் பக்கம் இழுத்தாள். "இந்தத் தடவை எறிய மாட்டேன். நீங்களும் குறைக்க முடியாது."

மூன்று கரண்டி போட்டுக்கொண்டாள். பக்கத்தில் அவித்து வைத்திருந்த இரண்டு முட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பெருத்து வந்து வயித்தைக் கிழிக்கும்போது தெரியும்."

"கிழிக்கட்டும்."

கவளம் கவளமாக அள்ளி வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினாள். பேத்தி சுவரோரம் உட்கார்ந்து டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... அவ பேசாததுக்கு நிஜமாவே நானும் காரணமா?"

மகளைப் பார்த்த டாக்டர் அப்படி அடித்துச் சொல்லவில்லை. சத்துக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். அந்த ஆறுதலில்தான் மருமகள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு துளியைக்கூட மாமியாருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஆமா, அத்தை," என்றாள். "நீங்களும் நானும்."