கேற்றுக்கு வாங்கின பெயின்ட்

சரீப் மச்சானின் வலது தோளுக்கு இரண்டு மாதமாக வைத்தியம் நடந்தது. சம்மாந்துறைப் பரிசாரியின் எண்ணெய், தவிட்டு ஒத்தடம், லெப்பை ஓதி ஊதிய தண்ணீர், ஒன்றும் பாக்கியில்லை. அவர் என் அக்கா மர்ஷூதா ராத்தாவின் புருசன். நிந்தவூர்க் கடற்கரையில் பதினெட்டு வருசமாகப் போட் ஓட்டுகிறவர். போட்டைத் திருப்புகிற எஞ்சின் கைப்பிடியை வேறு ஆளைத் தொட விடமாட்டார்.

அந்தக் கைப்பிடி இப்போது அவருக்கே திரும்பவில்லை. புதன்கிழமை கரைக்கு வரும்போது அலை பின்னால் தூக்கியது. போட்டை நேராக்க முடியாமல் பக்கவாட்டில் வந்து மணலில் மோதினார். பெட்டி கவிழ்ந்து, பிடித்த மீனில் பாதி கடலுக்கே திரும்பிப் போனது.

போட்டின் முதலாளி றிம்சான் ஹாஜியார் அங்கேயே முடிவைச் சொன்னார்.

"சரீப், உனக்குக் கை போயிட்டு. சனிக்கிழமையில இருந்து நிப்றாஸ் எஞ்சினைப் பிடிக்கட்டும். நீ முன்னுக்கு இருந்து வலையப் பாரு."

நிப்றாஸ் அதே போட்டில் வேலை செய்கிறவன், மச்சானை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். ஜிம்முக்குப் போகிறவன். சட்டைக் கையை மடிக்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

நான் கொழும்பில் இரவு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று காலை மச்சான் என்னை வரச் சொன்னார்.

அவர் வீட்டுக் கேற்றைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தபிறகு ஒரு ஆள் நுழைய வழிவிட்டது.

"என்ன ராத்தா, கேற் இப்படி இறுகிக் கிடக்கு?"

"மூணு மாசத்துக்கு முந்தி ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பெயின்ட் அடிச்சதில இருந்து அப்படித்தான். ஒண்ட மச்சான்ட வேலை. பூச வேணாம் எண்ட இடத்தில ரெண்டு தரம் பூசுவாரு."

மச்சானோடு ரோட்டைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். அங்கே ஹாஜியாரும் நிப்றாஸும் இன்னும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். மச்சான் என் காதருகே வந்தார். எண்ணெய் மணம் முன்னால் வந்தது.

"என்னவாவது உடைஞ்சிட்டு எண்டு சொல்லு மச்சான். கை எண்டு மட்டும் சொல்லாத. நிப்றாஸ் எஞ்சின் பிடிக்க நான் எப்படி முன்னுக்கு இரிக்கிற?"

"கிறீஸ் அடிச்சீங்களா?"

"பின்ன? மாசத்துக்கு ரெண்டு தரம்."

"எங்க அடிச்சீங்க?"

"எல்லா இடமும்தான்."

பொய் சொல்லவில்லை. எஞ்சின் திரும்புகிற கழுத்தைச் சுற்றி விரல் தடிப்புக்குக் கிறீஸ். பாணுக்கு மாஜரீன் பூசியதுபோல.

நிப்றாஸ் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தான். "காக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஒரு கையால் இழுத்தான். பிறகு இரண்டு கையாலும். பிறகு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். கைப்பிடி அசையவில்லை. மணலில் கிடந்த போட்தான் ஒரு சாண் நகர்ந்தது.

"டேய், ஒண்ட ஜிம்முல இது மாதிரி ஒண்டும் இல்லயா?" என்றார் ஹாஜியார்.

மச்சான் இரண்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "கையில ஒண்டுமில்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப எண்ணெய் பூசினது ஆருக்கு?" என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார்.

கிறீஸைத் துணியால் துடைத்தேன். அடியில் தடித்த பச்சைப் பெயின்ட். கத்தியால் சுரண்ட, பச்சைப் பொருக்குக் கழன்று, சின்னக் குமிழ் ஒன்று தலைகாட்டியது. உள்ளே கிறீஸ் போகிற ஒரே வாசல் அதுதான். மூன்று மாதமாக அடைத்துக் கிடந்திருக்கிறது. உள்ளே உப்பு மட்டும் குடியிருந்தது.

"இதுக்கு ஆரு பெயின்ட் அடிச்ச?" என்றார் ஹாஜியார்.

எல்லோரும் பச்சையைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சானின் பச்சைக் கேற்றைப் பார்த்தார்கள்.

"கேற்றுக்கு வாங்கினதில மிஞ்சிச்சு," என்றார் மச்சான். "வீணாப் போகக் கூடாதே எண்டு..."

சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"நீயெல்லாம் போட் ஓட்டியாடா?" என்றார் ஹாஜியார்.

"ஹாஜியார், பெருநாள் அண்டைக்கு இதே இடத்தில நிண்டு, எஞ்சின் மாப்பிள்ள மாதிரி இரிக்கி எண்டு சொன்னது ஆரு?" என்றார் மச்சான்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். "ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகுது. கெதியாப் பாருங்க."

குமிழைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் திரும்பவும் பூட்டினேன். கிறீஸ் பம்பை அழுத்த அழுத்த, கீழ்ப்பக்கத்தால் கறுப்புச் சேறு கக்கியது. கைப்பிடியை இரண்டு பேர் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பாங்கு சொல்லுமுன் அது ஒற்றை விரலுக்குத் திரும்பியது.

"நாளைக்கு நீயே பிடி," என்றார் ஹாஜியார். "பெயின்ட் வாளியோட இந்தப் பக்கம் வந்தா மட்டும் காலை முறிப்பன்."

பின்னேரம் ராத்தா மிஞ்சின தோள் எண்ணெயைக் கேற்றின் கீலுக்கு ஊற்றினாள். வீணாய்ப் போகக் கூடாதே.

சனிக்கிழமை காலை நானும் ஹாஜியாரும் கரையில் நின்றோம். போட்டில் மச்சான் பின்னால், நிப்றாஸ் முன்னால். முதல் அலை வந்தது. இரண்டு மாதப் பழக்கத்தில் மச்சான் பல்லைக் கடித்து இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தார். அது வெண்ணெயாய்த் திரும்பியது. போட் சட்டென்று வெட்டித் திரும்ப, நிப்றாஸ் நேராகப் போனான்.

நெஞ்சளவுத் தண்ணீர்தான். எழுந்து, உப்பைத் துப்பிவிட்டுக் கரையைப் பார்த்துக் கத்தினான்.

"ஹாஜியார், காக்காட கை நல்லாத்தான் இரிக்கி!"