கார்மடியின் இளைய மகனுக்கு வந்த கல்

வெள்ளைக்காரச் சவக்காலையில் கூலிக்குப் பற்றை வெட்டிக்கொண்டு நின்ற பக்கீருக்கு, துரை ஒருவர் அங்கிருந்து காணாமற்போன கல்லறைக் கல்லொன்றைத் தேடி வந்திருக்கிறார் என்றதும் எந்தக் கல்லென்று விளங்கிவிட்டது. அந்தக் கல் கிண்ணியாவில், முஸ்லிம்கள் அடக்கம் செய்யும் மையவாடியில், அவன் மகள் அசனாவின் தலைமாட்டில் நின்றது.

வெள்ளைக்கார நேவிக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போன வருசம், அவனிடம் பார்த்த வேலை போனது. பிள்ளையும் காய்ச்சலில் போனாள். சவக்காலையில் மரம் விழுந்து உடைந்த கற்களுக்குள் ஒன்றைத் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய், எழுத்துள்ள பாதியை மண்ணுக்குள் விட்டு, கபுறுக்கு அடையாளமான மீசானாக நட்டான். அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மனைவி ஸல்ஹா வெள்ளிக்கிழமைகளில், "கல்லு நிக்குதா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவளுக்கு மகள்.

துரை சொன்னதை, கூட வந்த அரசாங்கக் கச்சேரி கிளாக்கர் சோமசேகரம் தமிழில் சொன்னார். துரையின் மூதாதை கார்மடி என்பவர், ஏறக்குறைய இருநூறு வருசத்துக்கு முந்தி அயர்லாந்துப் பார்லிமெந்தில் பெரிய வாய்க்காரர். பதவிக்கு ஆசைப்பட்டுத் தன் கட்சியை விட்டு மறுபக்கம் வோட்டுப் போட்டார். இளைய மகன் சாப்பாட்டு மேசையிலேயே அவரை விலைபோனவர் என்றான். தாய் காலைப் பிடித்தும் கேளாமல் அவனைக் கப்பலேற்றினார். திருகோணமலையில் காய்ச்சலில் செத்தான் என்ற சேதி போனபிறகு கிழவர் சபையில் வாய் திறக்கவில்லை. மகனின் கல்லறைக்குக் கல்லொன்று கொத்துவித்து அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததா என்று அறியாமலே கண்ணை மூடினார்.

பக்கீர் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"ஐயா, கல்லு எனக்கிட்ட இருக்கு."

"குசினிக்குப் படியா வைச்சனீரோ?" சோமசேகரம் சிரித்தார்.

"இல்ல ஐயா. புள்ளைர தலைமாட்டில."

அவர் சிரிப்பு நின்றது. துரை, அந்தக் கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுவரவேண்டும் என்றும், ஊருக்குப் போய்ப் பிள்ளைக்கு வேறு கல் அனுப்புவதாகவும் சொன்னார்.

பக்கீர்தான் தோண்டி எடுத்தான். மண்ணைத் துடைத்தபோது, பிந்திப் படித்த எழுத்தில், மகன் என்ற இங்கிலீசுச் சொல்லைக் கூட்டி வாசித்தான். அந்த இடத்தில் ஒரு பூவரசங் கம்பை நட்டான்.

கம்பை மாடு முறித்தது. மாரி மழை வந்து மணலை மட்டப்படுத்தியது. கப்பல்கள் வந்தன, கல் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மையவாடிக்குள் போனவன் எந்த இடத்தில் ஸலாம் சொல்வதென்று தெரியாமல், பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தான்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த ஸல்ஹா நிமிரவில்லை.

"கல்லு நிக்குதா?"

"ஓம்," என்றான்.