மச்சான் கொடுத்த ஒரு நிமிடம்

மெக்கானிக்குக்குச் சும்மா இருப்பது என்றாலே ஆகாது. பகலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வருகிற மனுஷன், செருப்பைக் கழற்றிய கையோடு பின்னறைக்குப் போய் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிடுவான். அந்த சைக்கிள் எங்கேயும் போகாது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ட்ரெய்னர் என்கிற இயந்திரத்தில் சைக்கிளை மாட்டி வைத்திருந்தான். மிதித்தால் இயந்திரம் ஊளையிடும். எதிரே இருக்கிற திரையில் அவன் கால் பலம் இத்தனை வாட் என்று எண்ணாக ஓடும்.

"இவ்வளவு மிதிச்சதுக்கு, ரோட்டுல போயிருந்தா எங்க சித்தி வீட்டுக்காவது போயிட்டு வந்திருக்கலாம்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே துண்டும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள்.

அவன் பாடுபட்டதெல்லாம் ஒரே ஓர் இடத்துக்காக. சைக்கிள் சங்கத்தின் உள்ளரங்க அணியில் கடைசிப் பாய்ச்சலுக்கென்று ஒருவரைத்தான் எடுப்பார்கள். மற்றவர்கள் முக்கால் பந்தயம் இழுத்துக்கொடுக்க, கடைசிப் பத்துப் பதினைந்து விநாடியில் உயிரைக் கொடுத்து மிதித்து முடிக்க வேண்டியவன் அவன். ஒவ்வொரு வருஷமும் மெக்கானிக்கை உபரி ஆளாகப் பெஞ்சில் உட்கார வைத்து, மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டியை நிரப்பச் சொன்னார்கள். இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஆளுக்கு ஒரே பாய்ச்சல். எவன் எண் பெரிதோ அவனுக்கு இடம்.

போட்டிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் இவன். இன்னொருவர் இவனுடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

வேறு குடும்பமாக இருந்தால் இதற்கே அடுப்பு இரண்டாகியிருக்கும். மச்சானோ பெருந்தன்மையின் திருவுருவம். இளம் வயதில் ஏதோ பயிற்சி முகாமுக்கெல்லாம் போய் வந்தவர். "நீ ஜெயிச்சாலும் நான் ஜெயிச்சாலும் ஒண்ணுதானே மாப்ளே" என்று வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். பத்து விநாடி முழு மூச்சாகப் பாய வேண்டும், பிறகு ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி பாய்ச்சல். இப்படி இருபது தடவை. தங்கை கையில் ஒரு ஸ்டாப்வாட்சையும் வாங்கிக் கொடுத்தார்.

"ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரு செகண்டு குடுக்காதே பாப்பா. உடம்பு சுகம் கண்டா பவர் ஏறாது."

மெக்கானிக்குக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வேர்வை சொட்டச் சொட்ட, வாந்தி வருகிற அளவுக்கு மிதித்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் அவனுக்கு. முதல் பாய்ச்சலில் வருகிற எண் பத்தாவதில் பாதியாகிவிடும். அப்போது அவன் மிதிப்பது பாய்ச்சலே இல்லை, வெறும் மூச்சுத்திணறல்தான். அது அவனுக்குத் தெரியவில்லை. ஃபோனைத் தட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மச்சானை விட ஃபோனுக்கு அதிகம் தெரிந்துவிடுமா என்று இருந்துவிட்டான். மாதங்கள் போகப் போக முதல் பாய்ச்சலின் எண்ணும் இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்க, இன்னும் கடுமையாக மிதித்தான்.

படியேறும்போது அவன் தொடை நடுங்கும். மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள். "ரொம்ப வருத்திக்கிறீங்க" என்பாள், தலை நிமிராமல்.

வியாழக்கிழமை மச்சான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் உலுக்குவதாகப் புகார் வந்தது. வழக்கமாக அங்கே போகிறவன் லீவு. மெக்கானிக் போனான். வேலை முடிந்ததும் மச்சான் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்பது திட்டம். லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று, இருபுறமும் ஓடுகிற தண்டவாளங்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டே மெல்ல மெல்ல மேலே போனான். நாலாவது மாடிக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரெய்னர் ஊளையிட்டது. எந்த வீடு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மச்சானும் விடாப்பிடியான ஆள்தான்.

ஊளை சட்டென்று நின்றது. ஒரு நிமிடத்தில் மறுபடி கேட்கும் என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கேட்கவில்லை. மெதுவாகக் கால் ஆட்டும்போது இயந்திரம் முனகுகிற ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத் தண்டவாளத்தை அவன் துடைத்தே முடித்துவிட்டான்.

"போதும் பாப்பா, பாஞ்சிடறேன்" என்றார் மச்சான். காற்றுக்காக வைத்த துவாரம் வழியே, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

"பேசாம கால ஆட்டு அண்ணே. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

அது அவன் மனைவியின் குரல். மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தினமும் போகிறவள்.

"நீதான் சொன்னே, அஞ்சு நிமிஷம் முழுசா ஓய்வெடுத்தாத்தான் கால்ல பவர் நிக்கும்னு. அப்புறம் என்ன அவசரம்?"

"சரி சரி. மாப்ளைக்கு ஒரு நிமிஷம்தானே குடுக்கறே?"

"ஒண்ணுதான். பாவமா இருக்குண்ணே, மாடிப்படி ஏற முடியல அவருக்கு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே, பொறுத்துக்கோ. அப்புறம் நானே அவருக்குச் சரியாச் சொல்லிக் குடுத்துடறேன்."

அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று மெக்கானிக் காத்திருந்தான். "போ!" என்று அவள் கத்தினாள். ட்ரெய்னர் ஊளையிட்டது. அவன் வீட்டில் ஒருநாளும் கேட்காத ஊளை அது.

மச்சான் ஏமாற்றியதைக் கூட அவன் வயிறு எப்படியோ செரித்திருக்கும்; போட்டிக்கு நிற்கிற ஆள். எண்ணெய் தேய்த்த கை அல்லவா இது! பொத்தானை அழுத்திப் பெட்டியைக் கீழே இறக்கினான். காப்பி குடிக்காமல் போனான்.

சாயந்திரம் வழக்கம்போல் சைக்கிளில் ஏறினான். அவளும் வழக்கம்போல் வாசற்படியருகே ஸ்டாப்வாட்சோடு நின்றாள். முதல் பாய்ச்சல் முடிந்தது. ஒரு நிமிடம் ஓடியது.

"ஆச்சு. போங்க!"

அவன் போகவில்லை. கைகளைத் தளர விட்டு மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நேரம் ஆச்சு."

அவன் அப்படியே மிதித்துக்கொண்டிருக்க, மூன்றாவது நிமிடமும் ஓடி முடிந்தது. அவள் வாட்சைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாட்சை ஆட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு? கால் வலிக்குதா?"

"பேசாம இரு" என்றான். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

அவள் முகம் வெளிறியது. எப்படி, எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. வாட்சில் அந்த இரண்டு நிமிடமும் கழிந்தது. பிறகு அவன் எழுந்து நின்று மிதித்தான். சைக்கிள் இடமும் வலமும் ஆடியது, இயந்திரம் வீரிட்டது, திரையில் எண் ஏறியது. இரண்டாவது பாய்ச்சலில் பல மாதங்களாக அவன் கண்ணில் படாத எண். துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் திரையையே வெறித்துப் பார்த்தான். இத்தனை நாளும் இது அவன் காலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அண்ணனுக்கு எதுவுமே அமையலைங்க" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். "கடை போச்சு. அண்ணியும் விட்டுட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணாவது அவனுக்குக் கிடைக்கட்டுமேன்னு..."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் நான் இருக்கேனே."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அவனால் தாங்க முடியாதது அதுதான்.

அவன் ஸ்டாப்வாட்சை நோக்கிக் கையை நீட்டினான். துண்டுக்காகத்தான் நீட்டுகிறான் என்று நினைத்து அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"அந்த ஸ்டாப்வாட்சை உங்க அண்ணன்கிட்டயே குடுத்துடு" என்றான். "எனக்குச் சுவர்க் கடிகாரம் போதும்."

அவள் நகராமல் நின்றாள். அவன் சுவரைப் பார்த்தபடி மெதுவாக மிதிக்க ஆரம்பித்தான். அடுத்த பாய்ச்சலுக்கு இன்னும் நேரம் இருந்தது.