தொண்ணூறு சதவீதம்

தடுப்பூசிப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எங்கள் வட்டாரத்தில் குழந்தைகள் நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று ஊசியும் முடிந்தவர்கள் முந்நூற்று ஐம்பத்து நான்கு. என் கணக்கை நானே நம்பமாட்டேன் என்பதால் மூன்று முறை கூட்டினேன். எண்பத்தாறு சதவீதம்கூட வரவில்லை.

தொண்ணூறு காட்டினால்தான் வெளிநாட்டு உதவியின் அடுத்த தவணை வரும். ஊசி வேனும் நர்ஸ் அக்காவின் சம்பளமும் அதில்தான். அறிக்கைக்குக் கெடு சனிக்கிழமை.

"மூணாவது ஊசிக்குப் போனப்ப வீடு பூட்டியிருந்ததுன்னு எத்தனை பேரும்மா?" என்றார் மேலாளர்.

"பத்தொம்பது, சார்."

"வீடு மாறிப் போயிட்டாங்கன்னு போட்டு நீக்கிடு. போன பிள்ளையை நாம ஏன் சுமக்கணும்?"

நீக்கினேன். தொண்ணூறு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது நர்ஸ் அக்கா வந்தார். கையில் அந்தப் பட்டியலிலிருந்து அச்சான சீட்டு.

"என்னடி, ஆலைக் குடியிருப்புல பத்தொம்பது பேரைக் காணோம்? கூண்டோட காலி பண்ணிட்டாங்களா?"

"மாறிப் போயிட்டாங்கன்னு சார்..."

"எங்க போவாங்க? அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஆலையில, பிள்ளை வேற யார் வீட்டுலயோ. ஞாயித்துக்கிழமைதான் லீவு. அன்னைக்குப் போலாம்னு இருந்தேன்."

"போங்களேன், அக்கா."

"சீட்டுல பேர் இல்லாம ஸ்டோர்ல மருந்து தரமாட்டான். கையை வீசிட்டுப் போகவா?" சிரித்தார். "ஏட்டுச் சுரைக்காயை எடை போட்டுக் காசு வாங்கறோம், போ."

பெயர்களைத் திரும்பச் சேர்த்தால் தவணை வராது, அவர் வேலையும் போகும் என்றேன். சீட்டை மடித்தார், விரித்தார்.

"என் வீட்டுலயும் ரெண்டு இருக்கு. என்னைக் கேக்காதடி" என்று போய்விட்டார்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. பத்தொன்பது பெயர்களையும் சேர்த்து, புதுச் சீட்டை அவர் மேசையில் வைத்தேன். சனிக்கிழமை அறிக்கையில் எண்பத்தைந்து புள்ளி ஒன்பது என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு என்னைப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை அக்கா சீட்டைத் திருப்பித் தந்தார். பதினேழு பேருக்குப் போட்டிருந்தார். நான்கு முறை கூட்டினேன். உண்மையாகவே தொண்ணூறு. உதவி தரும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"என்னடி சொல்றாங்க?"

"கெடு முடிஞ்சு போச்சாம். அடுத்த காலாண்டுல சேத்துக்கலாமாம்."

"அதுவரைக்கும் வேன்?"

அக்கா வேன் சாவியை ஒப்படைக்க எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.