திருடனுக்கு வைத்த முகம்

சலவைச் சட்டை அணிந்து, தலையைப் படியச் சீவி, மாமனார் கணினியின் முன் வந்து அமர்ந்தபோது மாப்பிள்ளைக்குக் காது மடல்கள் சுட்டன.

"என் மூஞ்சிய கேம்ல வச்சிருக்கீங்களாமே! பொண்ணு போன்ல சொன்னா. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் மூஞ்சிக்கு வந்த வாழ்வப் பாருங்க!"

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டும் மாப்பிள்ளை, ‘மாட்’ செய்யப் பழகத் தொடங்கியது அண்மையில்தான். பிறர் உருவாக்கிய கணினி விளையாட்டிலுள்ள படத்தையோ ஒலியையோ நீக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கும் வேலை அது. புதியவர்கள் முகம் மாற்றுவதிலிருந்து தொடங்கலாம் என்று வழிகாட்டிக் காணொளி சொல்லிற்று. யார் முகம் என்று அவன் யோசிக்கவே இல்லை. உறவினர் நிறைந்த கூடத்தில், "மாப்பிள்ள இன்னும் பொம்ம வச்சுத்தான் விளையாடறாரு" என்று மாமனார் சொல்லப்போக, கூடமே சிரித்திருந்தது. அது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. திருமணப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டியெடுத்து, அங்காடி நடத்தும் விளையாட்டில் ரொட்டி திருடி அடிபடுபவனுக்குப் பொருத்தினான். ஆத்திரம் அடங்காமல், திருடனின் சட்டையையும் லிஃப்ட் பழுதுபார்ப்போரின் நீலச் சீருடையாக்கினான். முகத்தை மட்டும் கண்ட மனைவி, "எங்கப்பாவா!" என்று பூரித்தபோது தலையாட்டி வைத்தான்.

"தொறங்க மாப்பிள்ள."

திறந்தான். கல்லாவில் மாமனார் நின்றார். கூடையோடு மாமனார் வந்தார். வாசல் காவலரும் மாமனாரே. அவ்விளையாட்டில் ஆண்கள் அனைவருக்கும் முகப்படம் ஒன்றுதான் என்பதை அந்தக் கற்றுக்குட்டி அறிந்திருக்கவில்லை. ஆளற்ற கடையில் திருடனை மட்டும் வரவழைத்துச் சோதித்து மகிழ்ந்தவன் அவன்.

"அடேயப்பா! ஊரே நானா?" மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க அத மனசுல வச்சுக்கல பாருங்க."

கணினியை அணைத்துவிட மாப்பிள்ளையின் கை நகர்ந்தது.

"இருங்க, யாரோ ஓடுறானே!" மாமனார் அந்தக் கையைப் பற்றினார்.

ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, நீலச் சீருடையில் திருடன் ஓடினான். காவலர் துடைப்பத்தை ஓங்கினார். அடி விழுந்தது.

"அந்தச் சட்ட..." என்றார் மாமனார். பற்றியிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது.

மீண்டும் அடி விழுந்தது. படம் அல்லவா, முகம் மாறவில்லை. திருமணத்தன்று வாசலில் மாப்பிள்ளையை வரவேற்றபோது சிரித்த அதே சிரிப்பு, தரையில் கிடந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.