பாறைக்கு முன்னால் தெரிந்த கறை

மருதாசலத்துக்கு எதிலும் சட்டென்று முடிவெடுக்க வராது. நாமகிரிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், காதுகுத்து என்று படமெடுத்துப் பிழைக்கிற ஆள். ஒரு லென்ஸ் வாங்க அவன் சேலத்துக்கு நடந்த நடையில் பஸ் கண்டக்டருக்கே சலித்துவிட்டது.

ஆசைக்கு வாங்குகிற லென்ஸ் இல்லை அது. தங்கை மயிலம்மாளின் வீடு மலையடிவாரத்துத் தோட்டத்தில் இருந்தது. புருஷன் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்வெல் போடப் போயிருந்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் மட்டும்தான். அந்தப் பக்கத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அடிவாரப் பாறைமேல் சிறுத்தை படுத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். கூண்டு வைக்கச் சொல்லிக் கேட்டால் காட்டிலாகா அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது.

"நாய் தூக்கியிருக்கும்யா. சிறுத்தைன்னா படம் கொண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்."

மருதாசலத்திடம் இருந்த லென்ஸில் எடுத்தால் பாறையே பாக்குக்கொட்டை அளவுதான் விழும். கிட்டப் போய் எடுக்கலாமென்றால், இருப்பது ஒரே உயிர்.

சேலத்தில் பழைய கேமரா சாமான் விற்கும் பெரியசாமி இரண்டு ஜூம் லென்ஸ்களை மேசைமேல் வைத்தார். ஒன்று இருநூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும். அந்தி வெளிச்சத்துக்கும் தாங்கும். மற்றது ஐந்நூறு வரை இழுக்கும். இரும்பு கனம், கண்ணை வைத்தால் உள்ளே மசமசவென்று இருட்டு. புது லென்ஸ் விற்கிற விலைக்கு அந்தத் திசையில் அவன் தலைவைத்தே படுக்க முடியாது. இவை இரண்டும்தான் கைக்கு எட்டும்.

"நீளமானதுல தூரம் கெடைக்கும், வெளிச்சம் கெடைக்காது. சின்னதுல வெளிச்சம் கெடைக்கும், ஆனா கிட்ட போவோணும். எதுன்னு நீங்கதான் சொல்லோணும் தம்பி," என்றார் பெரியசாமி. "பழைய சாமான், பூசணம் புடிச்சிருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்துக்கங்க."

அடித்துப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியும் வெறுங்கையோடு திரும்பி வந்தான். மயிலம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"முனியப்பன்கிட்டப் பூக்கட்டி வெச்சுக் கேட்டுப்போடலாமுங்கண்ணா. பொண்ணு மாப்பிள்ளைக்கே கேக்கறோம், இதுக்குக் கேட்டா என்னங்க?"

வெள்ளைப்பூ வந்தால் நீளமானது, சிவப்பு வந்தால் குட்டை. இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றை அவளே எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. லென்ஸ் வாங்கச் சாமியிடம் உத்தரவு கேட்டவன் சேலம் ஜில்லாவிலேயே மருதாசலம் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

சித்திரை மாதம். வீட்டுக்குள் உலைபோல வெந்தது. பொழுது சாய்ந்ததும் மயிலம்மாள் கயிற்றுக் கட்டிலை வாசலின் கடைசியில், சோளக்காட்டை ஒட்டிப் போட்டு, குழந்தையோடு படுத்துக்கொள்வாள். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். மருதாசலம் வாசற்படியில் மூட்டைகளை அடுக்கி, வாங்கி வந்த நீள லென்ஸை அவற்றின்மேல் கிடத்தி, ஒரு கண்ணை மூடி உட்காருவான். பார்வை கட்டிலைத் தாண்டி, காய்ந்து நின்ற சோளத்தட்டுகளைத் தாண்டிப் பாறைக்குப் போகும். தலைக்குப் பின்னால் வாசல் பல்பு எரியும்.

பாறை என்னவோ கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வெடிப்பு தெரிந்தது, வெடிப்பில் முளைத்த புல் தெரிந்தது. சிறுத்தைதான் வரவில்லை.

ஆனால் தினமும் ஒரு நேரம் வரும். பூச்சிகளின் சத்தம் சொல்லிவைத்தாற்போல நின்றுபோகும். பட்டியில் ஆடுகள் மூச்சுக் காட்டாது. நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும். மருதாசலத்துக்கு யாரோ தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். பயம்தான், வேறென்ன. இதோ பாறைமேல் ஏறப்போகிறது என்று நினைத்து, அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுப்பான்.

ஃபிலிம் முடிந்து கழுவிப் போட்டதும் அவனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எல்லாப் படத்திலும் பாறை காலி. பாறைக்கு முன்னால், அடிப்பக்கம், ஒட்டினாற்போல வெளுத்த இரண்டு வட்டக் கறைகள்.

"பூசணம். நல்லாத் தலைல கட்டிப்போட்டான்," என்று லென்ஸைப் பைக்குள் திணித்தான்.

"இன்னிக்கே திருப்பிக் குடுக்கோணுமாக்கும்?" என்றாள் மயிலம்மாள். "பொழுதோட வந்துருங்கண்ணா. நீங்க வாசப்படில உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வருது."

"வாரேன். நீ நேரத்துல படு."

அவன் கடைக்குள் நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பெரியசாமி சண்டைக்கெல்லாம் அசரவில்லை. டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடி சுத்தம்.

"பூசணம் படத்துல இப்படி வட்டம் போடாதுங்க தம்பி. மங்கலடிக்கும், அவ்வளவுதான்." படங்களை எடுத்த வரிசையில் மேசைமேல் பரப்பினார். முதல் படத்தில் மிளகளவு இருந்த வட்டங்கள் படத்துக்குப் படம் பெருத்துக்கொண்டே வந்தன. "இது லென்ஸுக்கு உள்ள இல்லை, வெளிய இருக்குது. தூரத்துக்கு ஃபோகஸ் வெச்சிருக்கறப்ப கிட்டத்துல ஏதாச்சும் மின்னுச்சுன்னா இப்படி ஊதிக்கும். கிட்ட வர வரப் பெருசாவும்."

"என்னதுங்க மின்னும், அந்தக் காட்டுல?"

பெரியசாமி எழுந்து கடை விளக்கை அணைத்தார். கடை ரயில்பெட்டிபோல நீளம். இரண்டு ஊதுபத்திகளைக் கொளுத்தி, கண்ணுக்குக் கண் இருக்கும் இடைவெளியில் பிடித்துக்கொண்டு, கடைசிச் சுவருக்குப் போய் நின்றார். "உங்க கடைசிப் படத்துல இருக்கற அளவு வந்தா நிறுத்தச் சொல்லுங்க," என்றார்.

மருதாசலம் லென்ஸைக் கேமராவில் மாட்டித் தூரத்துக்குத் திருகி, வாசற்படியில் வைப்பதுபோலவே மேசையில் கிடத்திக் கண்ணை வைத்தான். மங்கிய இருட்டில் ஒட்டினாற்போல இரண்டு வட்டங்கள் தெரிந்தன. சின்னவை.

"இன்னும் கிட்ட வாங்க."

வட்டங்கள் பெருத்தன. கையிலிருந்த படத்தைப் பார்த்தான். பத்தவில்லை.

"இன்னும்."

பெரியசாமியின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"இன்னுங் கொஞ்சம் வாங்க." படத்தை இன்னொரு முறை பார்த்தான். "நில்லுங்க."

கண்ணை எடுத்துப் பார்த்தான். ஊதுபத்திப் புகை மூக்கில் ஏறும் தூரத்தில் நின்றார் பெரியசாமி. மருதாசலம் அந்தத் தூரத்தைத் தங்கை வீட்டு வாசற்படியிலிருந்து மனசுக்குள் அளந்தான்.

"அது கட்டிலோட கால்மாடுங்க," என்றான்.

"எந்தக் கட்டிலுங்க தம்பி?"

வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இந்நேரம் மயிலம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பாள்.