சுவரில் இரண்டு ரொட்டிகள்

எங்கள் ஊரில் பயணம் கிளம்புகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். மீதியைச் சுவரில் மாட்டிவைப்போம். திரும்பி வந்து அவரே அதைத் தின்று முடிக்க வேண்டும்.

என் தம்பி எல்தியார் குளிர்கால ஒலிம்பிக்குக் கிளம்பியபோது, அவன் கடித்த ரொட்டியை அப்பாவுடையதற்குப் பக்கத்தில் அம்மா மாட்டினாள். கிர்கிஸ்தானிலிருந்து போனது அவன் ஒருவன்தான்; கொடி பிடித்ததும் அவன்தான். பனிச்சறுக்கில் இரண்டாவது வளைவிலேயே விழுந்தான். எங்கள் ஊர் காராகோல் முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. எவனெவனோ கேலியாக எழுதியதைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களே பனியில் நேராக நிற்கத் தெரியாதவர்கள்.

அவன் வீடு திரும்பியதும் அம்மா ரொட்டியை இறக்கித் தேநீரோடு முன்னால் வைத்தாள்.

"வேணாம்மா. பந்தயத்தையே முடிக்கல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இதத் தின்னுவேன்?"

"காஞ்சு போச்சுன்னு நேரா சொல்லேன்டா," என்றேன். "டீல முக்கிக்க."

அவன் சிரிக்கவில்லை. "மறுபடி மாட்டிடும்மா. அடுத்த தடவ ஜெயிச்சிட்டு வந்து தின்னுக்கிறேன்."

அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் ரொட்டி கறுத்துக் கல்லாகித் தொங்கியது. வெளிநாட்டுப் போட்டி ஒன்றில், பனிச்சறுக்கில் நாட்டுக்கு முதல் பதக்கம் வாங்கியவர் அவர். ஊர் திரும்புவதற்குள் போட்டி நடந்த மலையிலேயே பனிச்சரிவு அவரை மூடிவிட்டது.

"அது ஜெயிச்சவரோட ரொட்டி," என்றாள் அம்மா. "நீ உன்னோடதத் தின்னு."